பட்டா இல்லாத வாத்தியார்கள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியோட மகள் வரப்போரமா வந்து நின்னுச்சு. பி.ஏ. முடிச்சு ஒரு வருசம் ஆகுது. பக்கத்து ஊர்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். "பி.எட். இல்லாட்டி பரவாயில்ல, வந்து சேரும்மா, பெறகு பாத்துக்கலாம்"னு சொன்னாங்களாம். மாசம் ஆறாயிரம்.

"பெரியப்பா, வாத்தியார் படிப்பு படிக்காம டீச்சராப் போனா தப்பா? அப்பா போகச் சொல்றாரு, அம்மா வேணாங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

என்கிட்ட வந்து கேட்டதுக்குக் காரணம் இருக்கு. நான் பத்தாவதோட நின்னவன். ஆனா எங்க ஊர்ல இன்னும் நாலஞ்சு பாட்டிமார் என்னை "வாத்தியாரே"னுதான் கூப்பிடுவாங்க. அந்தக் கதைக்குப் பின்னால வர்றேன். "ரெண்டு நாள் பொறுத்துக்க தாயி, யோசிச்சுச் சொல்றேன்"னு அனுப்பிட்டேன். ராத்திரி கயித்துக் கட்டில்ல படுத்து யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன். பட்டணத்துல இருக்கற உங்கள்ல பலர் வீட்லயும் இந்தப் பேச்சு ஓடிக்கிட்டிருக்கலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லணும். வாத்தியார் ஆகறதுக்கு ஒரு படிப்பு வேணும்ங்கிற ஏற்பாடு நம்ம நாட்டுல ரொம்பப் பழசு இல்ல. ஏறக்குறைய 170 வருசம்தான். அதுக்கு முன்னால ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம். ஒருத்தர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரத்தடியோ போதும். வாத்தியார்னா நாலு எழுத்து அதிகம் தெரிஞ்ச ஒரு ஆள். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி, குழிமாற்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிள்ளைகள் மணல்ல விரலால எழுதிப் பழகும், கை திருந்தினதும் ஓலைக்கு மாறும். சம்பளம் ஊரார் குடுக்கிற தவசமும் சில்லறைக் காசும்தான்.

1822-ல் சென்னை கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ, இந்தப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி ஜில்லா கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். கணக்கு வந்து சேர நாலு வருசம் ஆச்சு. 1826-ல் அவர் எழுதின குறிப்பின்படி, ஒரு கோடியே 28 லட்சம் சனம் இருந்த சென்னை மாகாணத்துல 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த 12,498 பள்ளியில ஒண்ணுலகூட ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வச்சிருந்தவர் கிடையாது. அப்படி ஒரு காகிதமே அப்ப இல்லையே!

அதே குறிப்புல மன்றோ இன்னொரு சங்கதியும் எழுதியிருக்கார். இந்த வாத்தியார்களுக்கு மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல வருமானம் இல்ல, இந்தக் காசுக்குத் தகுதியான ஆள் இந்த வேலைக்கு வரமாட்டான்னு. வாத்தியார்களைப் பழக்க ஒரு பள்ளிக்கூடம் வேணும், அவங்களுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கணும்னு அவர்தான் யோசனை சொன்னார். ஆக, பயிற்சியும் சம்பளமும் ஒரே மூச்சுல வந்த பேச்சு. இதை மனசுல வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

இதுக்கு முப்பது வருசம் முன்னால சென்னை எழும்பூர்ல நடந்ததைக் கேட்டீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க. ஆண்ட்ரூ பெல்னு ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் ஒருத்தர். 1789-ல் அங்க இருந்த ராணுவ அநாதைப் பையன்கள் விடுதிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் குதிரையில போகும்போது நம்ம பிள்ளைகள் தரையில உட்கார்ந்து மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதைப் பார்த்தார். இதையே விடுதியிலயும் செய்யுங்கனு தன்கிட்ட இருந்த ஆசிரியர்கள்ட்ட சொன்னார். அவங்க மசியல. உடனே பெல் ஒரு எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க விட்டார். அந்தப் பையன் பேர் ஜான் ஃபிரிஸ்கன். பையன் சொல்லிக் குடுத்துட்டான்! சம்பளக்காரப் பெரியவங்க முடியாதுன்னதை எட்டு வயசுப் பொடியன் செஞ்சு காட்டிட்டான்.

நம்ம திண்ணையில இது புதுசு இல்ல. மூத்த பையன் ஒருத்தனைச் சட்டாம்பிள்ளைனு வச்சு, சின்னதுகளுக்கு அவனையே பாடம் கேட்கச் சொல்றது வழக்கம்தான். பெல் ஊருக்குத் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமா அச்சுப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ங்கிற பேர்ல அது இங்கிலாந்து பூரா ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவுச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளிக்கூடம் இன்னைக்கும் இருக்கு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1854-ல் லண்டன்லருந்து உட்ஸ் அறிக்கை வந்துச்சு. பள்ளிகளுக்கு மானியம் குடு, வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுன்னு அது சொன்னது. 1856-ல் சென்னையில அரசாங்கமே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை ஆரம்பிச்சது. அதுதான் பின்னால சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆச்சு. மதுரைப் பக்கம் 1834-லயே வந்திறங்கின அமெரிக்க மிஷன்காரங்க, பசுமலையில ஊர்ப்புறத்துக்கான உபதேசியார்களையும் வாத்தியார்களையும் பழக்கி அனுப்பிக்கிட்டிருந்தாங்க. ஆனா நாட்டுல பள்ளிக்கூடம் எத்தனை, பயிற்சி முடிச்சு வர்றவங்க எத்தனை? அதனால அரசாங்கம் பழைய திண்ணை வாத்தியார்களையும் விடல. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சை வைப்பார், எத்தனை பேர் தேறுறாங்களோ அதுக்கேத்த பணம். 'ரிசல்ட் கிராண்ட்'னு பேரு. விளைஞ்ச மூட்டையை எண்ணி வாரம் அளக்கிற மாதிரிதான்.

அந்தக் காலத்துல காகிதம் இல்லாம வாத்தியார் ஆனவங்கள்ல ரெண்டு பேர் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவங்க.

ஒருத்தர் உ.வே.சாமிநாதையர். அவர் காலேஜ் வாசல் மிதிச்சுப் படிச்சவர் இல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்ட இருந்து பாடம் கேட்டவர். கும்பகோணம் அரசு கல்லூரியில தமிழ் சொல்லிக் குடுத்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, "என் இடத்துக்கு இவர்தான்"னு சிபாரிசு செஞ்சார். அங்க இருந்த பட்டதாரிகள் செய்யுளைக் குடுத்துப் பாடச் சொல்லி, பொருள் கேட்டுச் சோதிச்சுத்தான் எடுத்தாங்க. 1880-ல் வேலையில சேர்ந்தார். அன்னைக்குக் காகிதம்தான் முக்கியம்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இன்னொருத்தர் பாரதியார். காசியில இருந்தப்ப அலகாபாத் பல்கலைக்கழகத்தோட பிரவேசப் பரீட்சை எழுதித் தேறினவர். ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்ல. 1904-ல் எங்களுக்கு ஒன்றரை மணி நேர பஸ் தூரத்துல இருக்கிற மதுரையில, சேதுபதி உயர்நிலைப் பள்ளியில தமிழாசிரியரா சேர்ந்தார். ஒருத்தர் லீவுல போன இடத்துக்குத் தற்காலிகமா வந்த வேலை. ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரைக்கும்தான். சம்பளம் மாசம் 17 ரூபாய் 8 அணா. லீவு முடிஞ்சது, வேலையும் முடிஞ்சது. மதுரைக்குப் போனா அந்தப் பள்ளிக்கூட வாசலை ஒரு தடவை பாருங்க. அவ்வளவு பெரிய ஆளுக்கே மூணு மாசத்துக்கு மேல இடம் நிக்கல.

சுதந்திரத்துக்கு அப்புறம் கதை மறுபடி திரும்புது. 1954-ல் காமராசர் முதலமைச்சர் ஆனார். குலக்கல்வினு சொல்லப்பட்ட அரைநாள் திட்டம் போச்சு. கல்வித்துறைக்கு நெ.து.சுந்தரவடிவேலு வந்தார். பள்ளி இல்லாத ஊருக்கெல்லாம் பள்ளி வேணும். இவ்வளவு வாத்தியாருக்கு எங்க போறது? அப்பத்தான் படிச்ச வேலையில்லாதவங்களுக்கு வேலை குடுக்கணும்னு மத்திய அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தாங்க. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டுச் சும்மா இருந்த பையன் வாத்தியாரா வந்து இறங்கினான். எங்க அப்பா சொல்வார், எங்க ஊருக்கு வந்த முதல் சர்க்கார் வாத்தியார் அப்படி வந்தவர்தானாம். மீசை சரியா முளைக்கல, சாவடியில படுக்கை, முறை வச்சு வீட்டுக்கு ஒருநாள் சாப்பாடு. ஒரே ஆள், அஞ்சு வகுப்பு. பயிற்சிக்கு அரசாங்கம் பின்னால அனுப்பி வச்சது. எட்டாவது முடிச்சுப் பயிற்சி எடுத்தா ஹையர் கிரேடு, எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு எடுத்தா செகண்டரி கிரேடுன்னு அந்தக் கால வாத்தியார்களுக்குப் பட்டம்.

இனி என் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் வந்துச்சு. 1990-ல் கேரளத்துல எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆச்சு. அதைப் பார்த்து இங்கயும் ஒவ்வொரு மாவட்டமா ஆரம்பிச்சாங்க. புதுக்கோட்டையில கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தப்ப, பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிள் ஓட்டவும் படிச்சது ஊரறிஞ்ச கதை. தேனி அப்ப தனி மாவட்டம் இல்ல. 1996-ல்தான் பிரிச்சாங்க. ஆண்டிபட்டி மதுரை மாவட்டத்துல இருந்துச்சு.

எனக்கு இருபது வயசு இருக்கும். தொண்டரா வர்றியானு கேட்டாங்க. பைசா சம்பளம் கிடையாது. மூணு நாள் பயிற்சி, ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கட்டுப் புத்தகம், சாக்பீஸ். பகல்ல பூ பறிக்கவும் களை எடுக்கவும் போயிட்டு வந்த பெண்கள், ராத்திரி மந்தையில உட்காருவாங்க. 'அ' 'ஆ'ல ஆரம்பிக்கல பாடம். பட்டா, படினு ஆரம்பிச்சோம். பட்டா! சம்சாரிக்கு அதைவிடப் பெரிய வார்த்தை ஏது? புருசன் செத்து, நிலம் யார் பேர்ல இருக்குன்னே தெரியாம இருந்த ஒரு அம்மா, அந்த மூணு எழுத்தைத் தானா எழுதின அன்னைக்குப் பலகையை இறக்கவே இல்ல. மடியிலயே வச்சிருந்துச்சு.

பெருமையை மட்டும் சொன்னா அது பொய்யாப் போகும். ஒரு பாட்டி இருந்துச்சு. ஒரு மாசம் ஆகியும் 'ப'வுக்கும் 'ட'வுக்கும் வித்தியாசம் தெரியல. நான் ஒருநாள் எரிச்சல்ல, "உனக்கெல்லாம் எதுக்குப் பாட்டி படிப்பு, போய் ஆட்டைக் கட்டு"னு சொல்லிட்டேன். மறுநாள்லருந்து அது வரல. ரெண்டு வருசம் கழிச்சு கண் முகாம்ல ஆபரேசன் ஆகி வந்தப்பத்தான் தெரிஞ்சது, அதுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. விளக்கு வெளிச்சத்துல எழுத்தே தெரிஞ்சிருக்காது. தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. முறையாப் பயிற்சி எடுத்த வாத்தியாரா இருந்தா, பிள்ளை ஏன் தடுமாறுதுன்னு முதல்ல கண்ணையும் காதையும் பார்த்திருப்பார். எனக்கு அது தெரியாது. திட்டத்தான் தெரிஞ்சது. அந்தப் பாட்டி இப்ப இல்ல. நான் மறக்கல.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பெருமையா எழுதுறவங்க அங்க நடந்த தண்டனையைச் சொல்றதில்ல. கோதண்டம்னு கயித்துல தொங்கவிடுவாங்க. எல்லாச் சாதிப் பிள்ளையும் அந்தத் திண்ணை ஏற முடியாது. பெண் பிள்ளைகள் ரொம்பச் சொற்பம். அதனால பயிற்சி தேவையில்லைன்னு நான் சொல்ல வரல. எழுத்தை யாரும் சொல்லிக் குடுத்துரலாம். எட்டு வயசுப் பையன் சொல்லிக் குடுத்திருக்கான். எழுத்து ஏறாத பிள்ளையை என்ன செய்யறதுங்கிறதுக்குத்தான் படிப்பு வேணும்.

கொரோனா முடிஞ்சப்ப இந்தக் கதை இன்னொரு தடவை நடந்துச்சு. ஒன்றரை வருசம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, மூணாவது பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரல. 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை விழுப்புரம் மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. பிளஸ் டூ முடிச்சிருந்தா ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும், டிகிரி முடிச்சிருந்தா எட்டு வரைக்கும் சொல்லிக் குடுக்கலாம். பி.எட். கேட்கல. மாசம் 1,000 ரூபாய். ஏறக்குறைய ரெண்டு லட்சம் பேர் வந்தாங்க, பெரும்பாலும் பெண்கள். என்கிட்ட கேள்வி கேட்டு வந்த பொண்ணும் அப்பக் காலேஜ் போய்க்கிட்டே சாயங்காலம் எங்க தெருவுல இருபது பிள்ளையை வச்சிருந்துச்சு. தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதிச்சு ஆராய்ச்சிக்காரங்க ஒரு கணக்குச் சொன்னாங்க. பள்ளி திறந்து ஆறு மாசத்துக்குள்ள, இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பிருச்சு. அந்த மீட்புல ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால வந்தது. மாசம் ஆயிரம் ரூபாய்க்கு, பயிற்சி இல்லாத பொம்பளைப் பிள்ளைகள் செஞ்சது அது.

இப்படி ஒவ்வொரு தடவையும் அவசரம் வந்தா அரசாங்கம் காகிதத்தைத் தள்ளி வச்சுட்டு ஆளைக் கூப்பிடும். அவசரம் தீர்ந்ததும் காகிதத்தைக் கேட்கும். 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம். 2010 ஆகஸ்ட் 23-ல் தகுதி அறிவிப்பு வந்துச்சு. அஞ்சாவது வரைக்கும் பாடம் எடுக்க பிளஸ் டூவும் ரெண்டு வருசப் பட்டயப் படிப்பும். அதுக்கு மேல எட்டு வரைக்கும்னா டிகிரியோட பி.எட். அல்லது பட்டயம். இதுக்கு மேல டெட் பரீட்சை. தமிழ்நாட்டுல 2012 ஜூலையில முதல் டெட் நடந்தப்ப, எழுதினவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்கூடத் தேறல. பயிற்சி இல்லாம ஏற்கெனவே வேலையில இருந்தவங்களுக்கு 2019 மார்ச் 31 வரைக்கும் கெடு வச்சாங்க. நாடு பூரா லட்சக்கணக்கான பேர் அவசர அவசரமா தபால் வழியில பட்டயம் படிச்சாங்க. 2025 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு: ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல இருக்கிற, டெட் எழுதாம வேலையில உள்ள ஆசிரியர்கள் ரெண்டு வருசத்துக்குள்ள அதை எழுதித் தேறணும். இருபது வருசம் பாடம் நடத்தினவரும் இப்ப ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார்.

ஒரு சம்சாரிக்கு இது புதுசா? எங்க பக்கம் பட்டா இல்லாத நிலத்துல மூணு தலைமுறையா உழுதவங்க இருக்காங்க. பட்டா இல்லைன்னு கம்பு முளைக்காம இருந்ததா? மொச்சை காய்க்காம இருந்ததா? மண்ணுக்குப் பட்டா தெரியாது. ஆனா சர்வேயர் சங்கிலி எடுத்துக்கிட்டு வர்ற அன்னைக்கு, உழுத வருசத்தை யாரும் எண்ணுறதில்ல. காகிதம் இருக்கானுதான் கேட்கிறாங்க. வாத்தியார் சான்றிதழும் அப்படித்தான். அது இல்லாமலும் பிள்ளை படிச்சுரும். ஆனா சொல்லிக் குடுத்த ஆள் நிக்கறதுக்கு அடியில மண் இருக்காது. பாரதியாருக்கு மூணு மாசம், எங்க தெருப் பொண்ணுக்கு மாசம் ஆயிரம், எனக்கு ஒரு அரிக்கேன் விளக்கு.

ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணு வந்தப்ப இதைத்தான் சொன்னேன். "நீ போய்ச் சொல்லிக் குடுக்கிறது தப்பில்ல தாயி. உனக்கு வரும், நான் பாத்திருக்கேன். ஆனா அவங்க 'பெறகு பாத்துக்கலாம்'ங்கறது அவங்க வசதிக்கு. ஆறாயிரத்துக்கு வச்சுக்கிட்டு, எவனாவது வந்து கேட்டா உன்னைத்தான் வெளிய நிறுத்துவாங்க. தனியார்னாலும் சட்டம் ஒண்ணுதான்."

இன்னொண்ணும் சொன்னேன், உங்களுக்கும் உதவும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்னா பி.எட். பிரயோசனப்படாது. அஞ்சாவது வரைக்கும் பட்டயப் படிப்புதான் செல்லும்னு 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. இது தெரியாம ரெண்டு வருசமும் பணமும் போட்டுட்டு நிக்கிற பிள்ளைகளை எங்க பக்கமே பார்க்கிறேன்.

அது கொஞ்ச நேரம் பேசல. பெறகு, "அதுக்கும் ரெண்டு வருசமா பெரியப்பா? வீட்ல ரெண்டு வருசம் விடுவாங்களா?"னு கேட்டுச்சு. கல்யாணப் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு, எனக்கும் தெரியும். சட்டப் புத்தகத்துல இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி அவங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனேன். "நிலத்துக்குப் பட்டா வாங்க நீ எத்தனை வருசம் தாலுகா ஆபீசுக்கு நடந்த?"னு கேட்டேன். "எட்டு வருசம்"னான். "மகளுக்கு ரெண்டு வருசம் நடக்க மாட்டியா?"ன்னேன். டீயைக் குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான். பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் எப்பக் குடுப்பாங்கனு காலையில போன் பண்ணிக் கேட்டான். சேர்த்துவிட்டாத்தான் நிச்சயம். பார்ப்போம்.

இதுக்கு நடுவுல, அந்தப் பொண்ணு இப்பவும் சாயங்காலம் தெருவிளக்குக்கு அடியில ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வச்சிருக்கு. யாரும் சம்பளம் குடுக்கல. நேத்து அந்தப் பக்கம் போனப்ப ஒரு சின்னது எழுத்தை மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. பொண்ணு திட்டல. பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டு, பலகையை விளக்குப் பக்கம் திருப்பி, "இப்பத் தெரியுதா?"னு கேட்டுச்சு.

மும்முனைக் கரண்டு வந்துருச்சு. மோட்டார் போடப் போறேன்.